மிளகாய் நாற்று முளைப்புப் பெட்டி: விரிப்பு நன்று, விளக்கு போதாது

வீட்டுக்குள் விதை போட்டு மிளகாய் நாற்று எடுக்க விரும்புவோருக்கென்று, ஏறக்குறைய ஒரே அமைப்பில் பல பெயர்களில் விற்கப்படும் முளைப்புப் பெட்டிகளில் ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. ஓர் அடித்தட்டு, பன்னிரண்டு குழிகள் வீதம் ஆறு குழித்தட்டுகள், அவற்றின் மேல் கவிழ்க்கும் ஒளிபுகும் மூடி, மூடியின் உட்புறத்தில் ஒட்டப்பட்ட எல்.இ.டி. விளக்குப் பட்டைகள், அடியில் போடும் வெப்ப விரிப்பு, அந்த விரிப்பைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், தண்ணீரில் ஊறினால் உப்பும் தேங்காய் நார் வில்லைகள் ஆகியவை இதில் வருகின்றன. விதையிலிருந்து நடவு வரை இது ஒன்றே போதும் என்பது விற்பவர்களின் வாக்குறுதி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விதையை முளைக்க வைக்கும் வேலையை இந்தப் பெட்டி மிகச் சிறப்பாகச் செய்கிறது; முளைத்ததை நடவுக்கேற்ற நாற்றாக வளர்த்தெடுக்கும் வேலைக்கு, இப்போதுள்ள வடிவத்தில், இது உதவாது.

முதலில் வெப்ப விரிப்பு. மிளகாய் விதையின் முளைப்பை எல்லாவற்றையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது வளர்ஊடகத்தின், அதாவது விதையைப் போடும் தேங்காய் நாரின் அல்லது மண்கலவையின், வெப்பநிலைதான். சாதாரண வகைகளின் விதை 15 டிகிரி செல்சியஸில் மேலே வர 25 நாள் அளவு ஆகும். 20 டிகிரியில் அது 12 நாளுக்குச் சற்று மேல். 25 முதல் 30 டிகிரிக்குள் வைத்தால் 8 நாள் அளவில் வளைந்த தண்டு வெளியே தெரியும். 40 டிகிரியை எட்டினால் முளைப்பே இல்லை. இதில் பலரும் கவனிக்காத ஒன்று, அறையின் வெப்பநிலையும் குழிக்குள் இருக்கும் வெப்பநிலையும் ஒன்றல்ல என்பது. ஈரமான ஊடகத்தின் மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகும்போது அது குளிர்கிறது. ஆகவே அறை 22 டிகிரி இருந்தாலும் விதை கிடக்கும் இடம் அதைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாகவே இருக்கக்கூடும். இந்தக் குறையைத்தான் விரிப்பு ஈடுசெய்கிறது.

இத்தகைய விரிப்புகள் பொதுவாக 20 வாட் அளவில் மின்சாரம் எடுத்துக்கொண்டு, அறை வெப்பத்துக்கு மேல் 5 முதல் 10 டிகிரி வரை கூட்டும். தெர்மோஸ்டாட் இல்லாத விரிப்பை ஏற்கெனவே 30 டிகிரி இருக்கும் அறையில் போட்டால் விதை வெந்துபோகும் நிலைக்கு அருகில் சென்றுவிடும். இந்தப் பெட்டியில் தெர்மோஸ்டாட்டும், கம்பியின் முனையில் வெப்பத்தை அளக்கும் உணரியும் சேர்ந்தே வருவது மிகப் பெரிய நன்மை. பல மலிவான தொகுப்புகளில் இல்லாத ஒன்று. 28 டிகிரிக்கு அமைத்துவிட்டு, தனியாக ஒரு வெப்பமானியைக் குழிக்குள் செருகிப் பார்த்தபோது ஒரு டிகிரிக்குள்ளேயே வேறுபாடு இருந்தது. ஆனால் உணரியை எங்கே வைக்க வேண்டும் என்று இத்துடன் வரும் குறிப்புத்தாள் தெளிவாகச் சொல்லவில்லை. விரிப்பின் மேல் வைத்தால் விரிப்பின் சூட்டைத்தான் அது அளக்கும். ஊடகம் சூடாவதற்கு முன்பே மின்சாரத்தை நிறுத்திவிடும். நடுவில் உள்ள ஒரு குழியில், விதை கிடக்கும் ஆழத்தில், ஈரமான ஊடகத்துக்குள் அதைப் புதைப்பதே முறை. அந்தக் குழியில் விதை போடக் கூடாது. ஆனால் மற்றவற்றைப் போலவே ஈரமாக வைத்திருக்க வேண்டும், ஏனெனில் காய்ந்த நாரும் ஈரமான நாரும் ஒரே வெப்பத்தைக் காட்டுவதில்லை.

விரிப்பின் நடுப்பகுதிக்கும் ஓரங்களுக்கும் சற்று வேறுபாடு உண்டு. மூலைக் குழிகளில் வெப்பம் இரண்டு டிகிரி வரை குறைவதைக் கண்டேன். இது குறையென்று சொல்லத்தக்கதல்ல, தெரிந்துகொண்டால் பயன்படுத்திக்கொள்ளலாம். ஹபனெரோ, கரோலினா ரீப்பர் போன்ற கடுங்கார வகைகள் கேப்சிகம் சைனென்ஸ் இனத்தைச் சேர்ந்தவை. சரியான வெப்பத்திலும் இரண்டு முதல் நான்கு வாரம் வரை எடுத்துக்கொள்ளும் அவற்றை நடுவிலும், ஹலபேனோ, கயென் போன்ற கேப்சிகம் அன்னுவம் வகைகளை ஓரத்திலும் விதைத்தால் இரண்டுக்கும் பொருத்தமாக அமையும்.

குழித்தட்டு ஒரே துண்டாக இல்லாமல் ஆறு துண்டுகளாக இருப்பது, வடிவமைத்தவர் மிளகாயை அறிந்தவர் என்று நம்பவைக்கும் ஒரே இடம். விரைவில் முளைத்த வகைகளின் தட்டை மட்டும் வெளியே எடுத்து விளக்கின் கீழ் வைத்துவிட்டு, தாமதமாகும் வகைகளை வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் தொடர்ந்து வைத்திருக்கலாம். 72 குழிகளும் ஒட்டியிருக்கும் தட்டில் இது முடியாது. முளைத்தது காத்திருக்கும், அல்லது முளைக்காதது குளிரும். பிளாஸ்டிக் மெல்லியதாக இருப்பதால் நாற்றை அடியிலிருந்து அழுத்தி எடுக்கும்போது குழிகள் மடிந்து கீறுகின்றன என்பது மட்டுமே இதில் எனக்குள்ள வருத்தம். கவனமாகக் கையாண்டால் மீண்டும் பயன்படும். அடுத்த விதைப்புக்கு முன் ஒரு பங்கு சலவை பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்ற கலவையில் சிறிது நேரம் ஊறவைத்துக் கழுவிக் காயவைத்துவிட வேண்டும்.

இனி விளக்கு. இந்தப் பெட்டியின் அடிப்படைக் குறை இங்கேதான் இருக்கிறது; அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மிளகாய் விதை முளைப்பதற்கு வெளிச்சம் தேவையில்லை. அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில், இருட்டில்தான் அது முளைக்கிறது. அந்த நாட்களில் அதற்கு வேண்டியவை வெப்பமும், சீரான ஈரமும், அந்த ஈரத்தைக் காக்கும் மூடியும். தண்டு நிமிர்ந்து, விதைக்குள்ளிருந்து முதலில் வரும் இரு இலைகளான வித்திலைகள் விரிந்த உடனே நிலைமை தலைகீழாகிறது: அன்றிலிருந்து அதற்கு வலுவான வெளிச்சமும் காற்றோட்டமும் வேண்டும், மூடிக்குள் தேங்கும் ஈரக்காற்று அதற்குப் பகை. பித்தியம், ரைசாக்டோனியா போன்ற நுண்ணுயிரிகளால் வரும் நாற்றழுகல் நோய், ஈரம் வடியாத ஊடகத்திலும் காற்று அசையாத இடத்திலும்தான் வேகமாகப் பரவுகிறது. முதல் நாள் மாலையில் நன்றாக நின்ற நாற்று மறுநாள் காலையில் மண்மட்டத்தில் நீர் கோத்துச் சுருங்கிச் சாய்ந்து கிடக்கும், அதன்பின் அதைக் காப்பாற்ற வழியில்லை. ஆகவே பெரும்பாலான விதைகள் முளைத்ததும் மூடியை எடுத்துவிட வேண்டும்.

இந்தப் பெட்டியிலோ விளக்கு மூடியின் உள்ளேதான் ஒட்டப்பட்டிருக்கிறது. மூடியைக் கழற்றினால் விளக்கும் போய்விடுகிறது. வெளிச்சம் தேவைப்படாத நாட்களில் அது நாற்றின் தலைக்கு மேல் எரிகிறது. வெளிச்சம் தேவைப்படத் தொடங்கும் நாளில் அதைக் கழற்றி வைக்க நேர்கிறது. குறிப்புத்தாளோ, செடி மூடியைத் தொடும் வரை மூடியை எடுக்க வேண்டாம் என்று அறிவுறுத்துகிறது. அப்படிச் செய்தால் நாற்றழுகல் மட்டுமல்லாமல், இலைகளின் அடிப்பக்கத்தில் சிறு சிறு புடைப்புகள் தோன்றும் நீர்க்கொப்புளக் கோளாறும் வரக்கூடும். வேர் உறிஞ்சும் நீரை இலை ஆவியாக்க முடியாமல் போவதால் ஏற்படும் கோளாறு அது. மூடியின் மேல் இரண்டு காற்றுத் துளைகள் இருக்கின்றன, திருகித் திறக்கலாம். ஆனால் முழுதும் திறந்து வைத்தாலும் மூடியின் உட்புறத்தில் நீர்த்துளிகள் நின்றுகொண்டே இருந்தன என்பதைப் பார்த்தபோது அவை போதுமானவை என்று சொல்ல முடியவில்லை.

விளக்கின் வலிமையைக் கணக்கிட்டுப் பார்த்தால் மற்றொரு சிக்கலும் தெரிகிறது. இது யு.எஸ்.பி. இணைப்பில் இயங்குவது, 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் என்றால் அதிக அளவாக 10 வாட். இத்தகைய பட்டைகள் ஒரு வாட்டுக்கு நொடியொன்றுக்கு 1.5 மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு) ஒளித்துகள் தரும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால் மொத்தம் 15 மைக்ரோமோல். அத்தனையும் சிதறாமல் 25 சென்டிமீட்டர் அகலமும் 50 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட தட்டின் மேல் விழுந்தாலும், ஒரு சதுர மீட்டருக்கு நொடியொன்றுக்கு 120 மைக்ரோமோல்தான். உண்மையில் பக்கவாட்டில் சிதறுவதும் நீர்த்துளிகளில் தடுபடுவதும் போக இதைவிடக் குறைவாகவே செடிக்குக் கிடைக்கும். இதனுடன் வரும் டைமரில் 3, 9, 12 மணி நேரம் என்ற மூன்று அளவுகள் மட்டுமே உள்ளன. நொடிக்கு 120 மைக்ரோமோல் வீதம் 12 மணி நேரம் என்பது நாளொன்றுக்கு 5.2 மோல் (ஒரு மோல் என்பது பத்து லட்சம் மைக்ரோமோல்). உறுதியான மிளகாய் நாற்றுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 12 மோல் அளவாவது கிடைக்க வேண்டும். 200 மைக்ரோமோல் வலிமையில் 16 மணி நேரம் எரிந்தால் 11.5 மோல் ஆகும். ஆக, எல்லாம் சாதகமாக அமைந்தாலும் தேவையில் பாதியைத்தான் இந்த விளக்கு தருகிறது.

பாதி வெளிச்சத்தில் நாற்று செத்துவிடாது. அதனால்தான் பலர் இந்தக் குறையைக் காலம் கடந்து உணர்கிறார்கள். வித்திலைக்குக் கீழே உள்ள தண்டு நூல்போல் நீளும், இலைகள் சிறுத்து வெளிறும், கணுக்களுக்கு இடையே இடைவெளி கூடும். தக்காளியாக இருந்தால் நீண்ட தண்டை ஆழப் புதைத்துச் சரிசெய்துவிடலாம், புதைந்த தண்டு முழுவதும் வேர் விடும். மிளகாய்த் தண்டு அவ்வளவு எளிதில் வேர் விடாது. முதல் இரண்டு வாரத்தில் நூலாகிப்போன மிளகாய் நாற்றை முழுமையாக மீட்பது கடினம் என்பதால், இந்த ஒரு குறையை நான் மற்ற எல்லாக் குறைகளுக்கும் மேலே வைக்கிறேன்.

பட்டைகளின் நிறமும் எனக்கு உவப்பாக இல்லை. சிவப்பும் நீலமும் கலந்த ஊதா வெளிச்சம் அது. ஒளிச்சேர்க்கைக்கு அந்த நிறங்கள் பயன்படும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வெளிச்சத்தில் இலையின் உண்மையான பச்சை தெரிவதில்லை. நைட்ரஜன் பற்றாக்குறையில் அடி இலை மஞ்சளாவதையும், பூச்சியின் முதல் அடையாளங்களையும், நாற்றை வெளியே எடுத்துப் பார்க்காமல் கண்டறிய முடியாது. 4000 முதல் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வரையிலான வெள்ளை எல்.இ.டி. விளக்கு மிளகாய் நாற்றுக்கு முற்றிலும் போதுமானது. பார்ப்பவர் கண்ணுக்கும் நல்லது.

இந்தப் பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் விளக்குப் பட்டைகளை மறந்துவிட்டு, 25 முதல் 30 வாட் அளவுள்ள வெள்ளை எல்.இ.டி. விளக்கு ஒன்றைத் தனியாக வாங்கி, உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியுமாறு தொங்கவிடுவதே நல்லது. தட்டுக்கு மேல் 20 முதல் 30 சென்டிமீட்டரில் தொடங்கி, நாற்றின் வளர்ச்சியைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். கைப்பேசியில் உள்ள ஒளி அளவீட்டுச் செயலி முழுத் துல்லியமானதல்ல என்றாலும் ஒரு வழிகாட்டியாக உதவும்: வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்தில் 200 மைக்ரோமோல் என்பது ஏறக்குறைய 13,000 முதல் 14,000 லக்ஸ் (கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அளக்கும் அலகு). ஊதா வெளிச்சத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இலைகள் மேல்நோக்கிக் குவிந்து ஓரம் சுருண்டால் விளக்கை உயர்த்த வேண்டும். தண்டு நீண்டால் தாழ்த்த வேண்டும். 14 முதல் 16 மணி நேர வெளிச்சம், மீதி நேரம் இருட்டு. கூடவே சிறிய மின்விசிறி ஒன்றை, நாற்றுகள் மெல்ல அசையும் அளவுக்கு மட்டும், நாளில் சில மணி நேரம் ஓடவிட்டால் தண்டு தடித்து வலுப்பெறும். ஊடகத்தின் மேற்பரப்பு காய்வதால் நோயும் குறையும்.

தேங்காய் நார் வில்லைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெதுவெதுப்பான நீரில் சில நிமிடங்களில் உப்பி விதைப்புக்குத் தயாராகிவிடுகின்றன. முளைப்புக்கு நல்ல ஊடகம். நடுவில் உள்ள பள்ளம் மட்டும் மிளகாய் விதைக்கு அதிக ஆழம். விதையை அதன் அடியில் போட்டு மூடாமல், பள்ளத்தைப் பாதி நிரப்பிவிட்டு மேலே விதைப்பது நல்லது. மிக மேலே போட்டாலும் தொல்லைதான்: விதையுறை மண்ணில் உரசிக் கழன்றுவிடாமல் வித்திலையின் நுனியில் தொப்பியாக ஒட்டிக்கொள்ளும், அப்போது ஒரு சொட்டு நீர் வைத்து, ஊறியபின் மெதுவாக நீக்க வேண்டும். நாரில் சத்து அநேகமாக இல்லை. வித்திலைகளுக்கு அடுத்து வரும் முதல் இணை உண்மை இலைகள் வந்ததும் திரவ உரத்தைக் குறிப்பிட்ட அளவில் கால் பங்காகக் கரைத்துக் கொடுக்கத் தொடங்காவிட்டால் நாற்று அப்படியே நின்றுவிடும். குறிப்புத்தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வில்லையைச் சுற்றியுள்ள மெல்லிய வலையையும் பெரிய தொட்டிக்கு மாற்றும்போது வெட்டி நீக்கிவிட வேண்டும்.

நீர் ஊற்றுவதில் ஓர் எச்சரிக்கை. நார் மேலே வெளிறிக் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். நிறத்தைப் பார்த்து ஊற்றினால் மிகையாகிவிடும். தட்டைக் கையில் தூக்கிக் கனத்தைப் பார்ப்பதே நம்பகமான வழி. அடித்தட்டில் நீர் ஊற்றி, குழிகள் அடியிலிருந்து உறிஞ்சிக்கொண்டபின் மீதியை வடித்துவிடும் முறை மிளகாய்க்கு மிகவும் ஏற்றது. மேற்பரப்பு ஈரமாகாமல் இருந்தால் பூஞ்சைக் கொசுக்களும் முட்டையிட வருவது குறையும். அடித்தட்டு கசியவில்லை, அதில் பள்ளங்கள் இருப்பதால் நீர் எல்லாக் குழிக்கும் சமமாகப் போய்ச் சேர்கிறது, இது பாராட்டத்தக்கது. விரிப்பு நேரடி மின்சாரத்தில் இயங்குவதால், அதன் கம்பி மின்செருகியை விடத் தாழ்வாகத் தொங்கி, பிறகு மேலேறிச் செல்லுமாறு அமைத்துக்கொள்ளுங்கள்; கம்பி வழியாக நீர் வழிந்தாலும் செருகியை எட்டாமல் கீழே சொட்டிவிடும்.

முளைத்த பிறகு விரிப்பு வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வளரும் நாற்றுக்குப் பகலில் 20 முதல் 25 டிகிரியும், இரவில் அதைவிடச் சற்றுக் குறைவும் போதும். அறையில் அந்த அளவு இருந்தால் விரிப்பை அணைத்துவிடலாம். தொடர்ந்து சூடாக வைத்தால், குறைந்த வெளிச்சத்தோடு சேர்ந்து, தண்டு நீள்வதைத்தான் அது தூண்டும்.

குழியில் நாற்று எவ்வளவு காலம் இருக்கலாம் என்பதும் வாங்குமுன் யோசிக்க வேண்டியது. விதைப்பிலிருந்து நடவு வரை சாதாரண வகைகளுக்கு 8 முதல் 10 வாரமும், கடுங்கார வகைகளுக்கு 10 முதல் 12 வாரமும் ஆகும். நாலு சென்டிமீட்டர் அகலமுள்ள இந்தக் குழிகள் அவ்வளவு காலத்துக்குப் போதா. இரண்டு மூன்று இணை உண்மை இலைகள் வந்ததும் 8 முதல் 10 சென்டிமீட்டர் தொட்டிக்கு மாற்றியாக வேண்டும். மாற்றியபின் 72 நாற்றுக்கு இந்தப் பெட்டியின் பரப்பைப்போல் ஐந்தாறு மடங்கு இடமும் அதற்கேற்ற வெளிச்சமும் தேவைப்படும். ஆகவே பெட்டியில் இடமிருக்கிறதே என்று எல்லாக் குழியையும் நிரப்பாமல், விளக்கின் கீழ் எத்தனை தொட்டி வைக்க முடியும் என்று கணக்குப் பார்த்து, அந்த எண்ணிக்கைக்குச் சற்று மேலாக மட்டும் விதைப்பது நல்லது.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? ஏற்கெனவே நல்ல வளர்ப்பு விளக்கு வைத்திருப்பவர்களுக்கும், முளைப்பு மந்தமான கடுங்கார வகைகளை வளர்க்க நினைப்பவர்களுக்கும், அறை 22 டிகிரிக்குக் கீழே இருக்கும் காலத்தில் விதைப்பவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். தெர்மோஸ்டாட்டும் தனித்தனித் துண்டுத் தட்டுகளும் அவர்களுக்கு உண்மையாகவே உதவும். விளக்கு இல்லாதவர்கள் இதை வாங்குவதைவிட, விளக்கு ஒட்டாத சாதாரண மூடியுள்ள தட்டு, தெர்மோஸ்டாட்டுடன் கூடிய விரிப்பு, நல்ல வெள்ளை விளக்கு என மூன்றையும் தனித்தனியாக வாங்குவது நல்லது. அறை எப்போதும் 27, 28 டிகிரியில் இருப்பவர்களுக்கு விரிப்பே தேவையில்லை. அவர்கள் தங்கள் பணம் முழுவதையும் விளக்குக்கே செலவிடலாம்.

கடைசியாக, நாற்றை வெளியே பழக்கும் நாட்களில் இந்த அடித்தட்டு எப்படி உதவுகிறது என்பது. நண்பகல் வெயில் ஏறக்குறைய 2000 மைக்ரோமோல், அதாவது நல்ல வளர்ப்பு விளக்கைப்போல் பத்து மடங்கு. உள்ளே வளர்ந்த இலையை நேராக அதில் வைத்தால் வெளுத்துக் கருகிவிடும். ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை, நிழலில் ஒரு மணி நேரம் எனத் தொடங்கி, வெயிலையும் காற்றையும் நாளுக்கு நாள் கூட்ட வேண்டும். இரவு வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே போகாத நிலை வந்தபின்தான் நடவு செய்ய வேண்டும். அத்தனை நாளும் தொட்டிகளைக் காலையில் வெளியே கொண்டுபோய் மாலையில் உள்ளே கொண்டுவர அடித்தட்டுதான் வசதி. ஆனால் நனைந்த தொட்டிகளின் கனத்தில் அது நடுவில் வளைகிறது. இரண்டு தட்டுகளை ஒன்றுக்குள் ஒன்று வைத்துத் தூக்குங்கள், அல்லது அடியில் ஒரு பலகை கொடுத்து இரு கைகளாலும் எடுத்துச் செல்லுங்கள்.